மைனர் சூடானால் நிற்கிறது: எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டியதுதானா?

மார்ச் 2 (கேள்வி)

என்னிடம் இருப்பது மோரிஸ் மைனர் 1000 என்ற பழைய ஆங்கிலேயக் கார், 948 சிசி எஞ்சின். காலையில் ஸ்டார்ட்டர் குமிழை ஒருமுறை இழுத்தால் போதும், கிளம்பிவிடும். அரை மணி நேரம் ஓடியபின் திணறித் திணறி நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. காயில், பிளக், பெட்ரோல் பம்ப் மூன்றும் புதிதாகப் போட்டாயிற்று. இப்போது எலக்ட்ரானிக் இக்னிஷன் போடு, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவைத் தூக்கிவிட்டு அதன் இடத்தில் ஆல்டர்னேட்டர் வை, எலக்ட்ரிக் ஃபேன் மாட்டு என்கிறார்கள். நானும் அந்த முடிவுக்கு வந்துவிட்டேன். அந்தக் காலத்துப் பாகங்களை நம்பி இந்தக் காலத்தில் வண்டி ஓட்ட முடியாது. மறுப்பவர் இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

மறுக்கிறேன். முதலில் ஒன்று: இனி ஒரு பாகமும் வாங்காதீர்கள். மூன்று புதுப் பாகம் போட்டும் பழுது அசையவில்லை என்றால், பழுது எங்கே என்று இதுவரை யாரும் தேடவே இல்லை.

அடுத்த முறை நிற்கும்போது, எஞ்சின் ஆறுவதற்குள், பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது; அதற்கு மருந்து ஒரு ஊசி. சத்தம் இல்லையென்றால் இக்னிஷனைப் போட்டு, பம்ப் டிக் டிக் என்கிறதா, சற்று நேரத்தில் தானாக அடங்குகிறதா என்று கேளுங்கள். அப்புறம் உபரி பிளக் ஒன்றை வயரில் மாட்டி, அதன் உடம்பை எஞ்சின் இரும்பில் படவைத்து, இன்னொருவரை ஸ்டார்ட்டரை இழுக்கச் சொல்லுங்கள். பொறி நீலமாகச் சத்தத்தோடு வருகிறதா, மஞ்சளாகச் சோம்பலாக வருகிறதா, வரவே இல்லையா? பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் இந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாதீர்கள்.

பெட்ரோலா, பொறியா? இது தெரிகிற வரை மற்ற எல்லாம் ஜோசியம்.

மார்ச் 3

"நேற்று ஏன் அவ்வளவு காரம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காரணம் உண்டு.

என்னுடையதும் மைனர்தான், 1098 சிசி. வாங்கியபோது ஸ்டார்ட்டர் சுற்றுவதே பெரும்பாடு. முனகிக்கொண்டு மெதுவாகத் திரும்பும். முந்தைய சொந்தக்காரர் புது பேட்டரி போட்டிருந்தார். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பிரித்துச் சரிபார்த்து மாட்டியிருந்தார். இரண்டுக்கும் ரசீதுகள் காட்டினார். பழைய எஞ்சின், இறுக்கம் அதிகம், அப்படித்தான் இருக்கும் என்பது அவர் தீர்ப்பு.

மைனர் வைத்திருக்கும் ஒரு பெரியவருக்கு இதை எழுதிக் கேட்டேன். பதிலாக ஒரே ஒரு கேள்வி வந்தது: "ஸ்டார்ட்டர் சுற்றும்போது சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்தீர்களா?" கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன். தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

விஷயம் எளிது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே போய்வர ஒரு தடித்த பின்னல் பட்டை உண்டு, அதுதான் எர்த் ஸ்ட்ராப். அது துருப்பிடித்துவிட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கம்பி என்று எஞ்சினையும் பாடியையும் தொடுகிற இரும்பு எதுவாக இருந்தாலும் அதன் வழியே பாயும். என் வண்டி தினமும் சோக் கேபிள் வழியாகத்தான் ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. பட்டையின் இரு முனையையும் உப்புத்தாளில் தேய்த்து, பெயின்ட் சுரண்டி, நட்டை முறுக்கினேன். அன்றிலிருந்து ஸ்டார்ட்டர் பறக்கிறது.

மல்டிமீட்டர் இருந்தால் கையைச் சுட்டுக்கொள்ளத் தேவையில்லை. ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும், மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 5

பம்ப் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: எஸ்.யூ. என்ற நிறுவனத்தின் அந்தப் பம்ப்பின் டிக் டிக் சத்தம் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது நிலவரம் சொல்கிறது. இக்னிஷன் போட்டதும் வேகமாக அடித்து நின்றால், கார்ப் (கார்ப்பரேட்டர்) நிறைந்துவிட்டது, எல்லாம் நலம். நிற்காமல் படபடவென்று அடித்தால் டேங்க் காலி, இல்லையேல் டேங்கிலிருந்து வரும் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. எஞ்சின் ஓடாதபோதும் சில நொடிக்கொரு முறை டிக் என்றால், கார்ப்பின் ஊசி வால்வு சரியாக மூடவில்லை அல்லது பம்ப்பின் வால்வு கசிகிறது. சத்தமே இல்லையென்றால் ஸ்பேனர் பின்புறத்தால் ஒரு தட்டு. உள்ளே இருக்கும் பாயிண்ட் ஒட்டியிருக்கும், விட்டுவிடும். தட்டினால்தான் ஓடுகிறது என்றால் அந்தப் பாயிண்ட்டைச் சுத்தம் செய்கிற நாள் வந்துவிட்டது.

ரேடியோ இல்லாத வண்டியில் கேட்பதற்கு ஏதாவது வேண்டுமே.

மார்ச் 8

கேட்டவர் சோதித்துவிட்டு எழுதியிருக்கிறார். உஸ் சத்தம் இல்லை. பம்ப் அடித்து அடங்குகிறது. பொறி மஞ்சள், பலவீனம், ஆறியபின் நீலம்.

அப்படியானால் பெட்ரோல் தப்பித்தது. எலக்ட்ரிக் ஃபேனும் தேவையில்லை. என் சந்தேகம் கண்டன்சர் மேல். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே திறந்து மூடும் பாயிண்ட் என்ற தொடுமுனை மூடியிருக்கும் நிலையில் இக்னிஷனைப் போட்டு, மரக்குச்சியால் பாயிண்ட்டை விலக்கிப் பாருங்கள். சூடாக இருக்கும்போதே செய்ய வேண்டும். பாயிண்ட்டுகளுக்கு நடுவே பெரிய நீலப் பொறி தெறித்தால் கண்டன்சர் தன் வேலையைச் செய்யவில்லை.

அதன் வேலை என்ன என்று பலர் யோசிப்பதில்லை. பாயிண்ட் திறக்கும்போது காயிலில் ஓடும் மின்சாரம் சட்டென்று அறுபட வேண்டும். சட்டென்று அறுந்தால்தான் மறுபக்கச் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழும். கண்டன்சர் இல்லாவிட்டால் அந்த மின்சாரம் பாயிண்ட் இடைவெளியைத் தாண்டி இழுத்துக்கொண்டே போகும். பாயிண்ட் கருகும், பிளக்கில் பொறி சோம்பும். சூட்டில் உள்ளே இருக்கும் சுருள் விட்டுக்கொடுத்து, ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்கிற கண்டன்சர்கள் உண்டு. குளிர்ந்த நிலையில் மீட்டர் வைத்தால் 0.2 மைக்ரோஃபாரட் அளவில் அழகாகக் காட்டி நம்மை ஏமாற்றும்.

அதனால் ஆறவிட்டு அளக்காதீர்கள்.

மார்ச் 9

பெரிய நீலப் பொறி தெறித்ததாம். சரி, இனி வாங்கலாம். ஆனால் எதை வாங்குவது?

இங்கேதான் பழைய வண்டிக்காரர்களுக்குள் ஓயாத சண்டை. இன்று புதிதாக வரும் கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியை அனுப்பும் ரோட்டார் இரண்டின் தரமும் சீரில்லை. ரோட்டாரில் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ஆணி நீளமாக இருந்து, அடியில் இருக்கும் ஸ்பிரிங்குக்கு மிக அருகில் போய்விடும். நடுவே இருக்கும் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு பொறி உள்ளேயே எர்த் ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் புத்தம் புதிய ரோட்டார். ஆணி இல்லாமல் வார்த்த ரோட்டார்களையே அனுபவசாலிகள் தேடிப் பிடிக்கிறார்கள்.

எனவே "அந்தக் காலத்துப் பாகத்தை நம்ப முடியாது" என்ற வாதத்தைத் திருப்பிப் போடுகிறேன். வண்டியோடு வந்து இன்றும் ஓடுகிற பாகம் அரை நூற்றாண்டு தேர்வு எழுதிப் பாஸானது. நேற்று அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தது இன்னும் நுழைவுத்தேர்வே எழுதவில்லை. கழற்றிய எதையும், அதுதான் கெட்டது என்று நிரூபணம் ஆகும்வரை, தூக்கிப் போடாதீர்கள். உங்கள் பழைய காயிலும் பம்ப்பும் எங்கே?

மார்ச் 9, சற்று நேரம் கழித்து

பழைய பம்ப் பத்திரமாக இருக்கிறதாம். காயில் "யாரோ எடுத்துப் போய்விட்டார்". அந்த யாரோ இப்போது நிம்மதியாக வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்.

நல்ல செய்தி: இழையைப் படித்த ஒருவர் தன் மேசை டிராயரில் பழைய இருப்புக் கண்டன்சர் இருக்கிறது, சூடாக்கியும் அளந்துவிட்டேன், அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறார். சூடாக்கி அளந்தேன் என்று சொல்கிறார் பாருங்கள், அவரை வணங்குகிறேன்.

மார்ச் 13

எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு நான் எதிரி என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. இல்லை. பாயிண்ட் தேய்மானம் இல்லை, கேப் (இடைவெளி) மாறுவதில்லை, டைமிங் நிலையாக நிற்கிறது. நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை. என் ஆட்சேபம் வரிசையைப் பற்றியது. பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, வண்டி பாயிண்ட்டிலேயே ஒழுங்காக ஓடிய பிறகு போடுங்கள். பழுதான வண்டியில் போட்டால், பழுதும் இருக்கும், புதுப் பாகத்தின் மேல் சந்தேகமும் சேரும்.

இன்னொன்று, மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி. பேட்டரியின் நேர்முனைதான் பாடியில் மாட்டியிருக்கும். மின்னணுக் கருவிகள் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தவை. பாசிட்டிவ் எர்த்துக்கென்று தனியாக வருவதைக் கேட்டு வாங்காமல் மாட்டினால், இக்னிஷன் போட்ட அந்த நொடியே அது முடிந்தது. போன் சார்ஜர் மாட்டுபவர்களும் கவனிக்க.

ஆல்டர்னேட்டர்? இரவில் அதிகம் ஓட்டுகிறீர்களா, கூடுதல் விளக்கு வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் யோசிக்கலாம், ஏனென்றால் டைனமோ ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றும் தராது. சி40 என்ற வகை டைனமோவின் உச்சமே 22 ஆம்பியர். பகலில் ஓட்டும் வண்டிக்கு அது தாராளம். டாஷ்போர்டின் சிவப்புச் சார்ஜிங் விளக்கு ஐட்லிங்கில் மங்கலாக எரிந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் அணைந்தால் டைனமோ ஆரோக்கியமாக இருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்து கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

மார்ச் 16

கண்டன்சர் போய்ச் சேர்ந்துவிட்டது. அரை மணி, ஒரு மணி ஓட்டியும் நிற்கவில்லையாம். வாழ்த்துகள் குவிகின்றன. எல்லோரும் சற்றுப் பொறுங்கள். கடைசி வரியில் "லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து ஒரே வேகத்தில் போகும்போது மட்டும் குலுக்கி மிஸ் அடிக்கிறது" என்று எழுதியிருக்கிறார். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 17

யோசித்தேன். 8-ஆம் தேதிக் குறிப்பில் எல்லாப் பழியையும் கண்டன்சர் தலையில் போட்டிருந்தேன். நின்றுபோனதற்கு அது காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பழைய வண்டியில் ஒரு பெரிய பழுதின் நிழலில் ஒரு சின்னப் பழுது ஒளிந்திருப்பது சகஜம். பெரியது போனதும் சின்னது தலைகாட்டுகிறது.

"லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து ஒரே வேகத்தில்" என்பதுதான் துப்பு. அந்த நிலையில்தான் வேக்குவம் அட்வான்ஸ், அதாவது பொறியைச் சற்று முன்கூட்டியே விழவைக்கும் அமைப்பு, நன்றாக வேலை செய்யும். கார்ப்பிலிருந்து வரும் மெல்லிய குழாய் உறிஞ்ச, டிஸ்ட்ரிபியூட்டரின் உள்தட்டு சற்றுத் திரும்பும். அந்தத் தட்டுக்கும் உடம்புக்கும் நடுவே மெல்லிய எர்த் வயர் ஒன்று உண்டு. பாயிண்ட்டுக்குப் போகும் இன்னொரு குட்டி வயரும் உண்டு. தட்டு திரும்பும்போதெல்லாம் இரண்டும் வளைந்து நிமிரும். பல ஆண்டுகளில் உள்ளே இருக்கும் செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து, மேல் உறை மட்டும் முழுசாக இருக்கும். பார்த்தால் நல்ல வயர். இழுத்தால் ரப்பர் போல நீளும்.

சோதனை: வேக்குவம் குழாயைக் கார்ப் பக்கம் கழற்றி, வாயால் உறிஞ்சி, நாக்கால் அடையுங்கள். தட்டு திரும்பி அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயாஃப்ரம் ஓட்டை. நின்றால், அந்த நிலையில் இரண்டு வயரிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

மார்ச் 19

எர்த் வயர்தான். இழுத்ததும் கையோடு வந்துவிட்டதாம். பின்னிய மெல்லிய வயர் வைத்துப் பற்றவைத்துவிட்டார்.

சாதாரணக் கெட்டி வயரை வைக்காதீர்கள் என்று டிராயர்காரர் சரியான நேரத்தில் சொல்லியிருக்கிறார். கெட்டி வயர் தட்டைத் திரும்பவிடாது, விரைவில் அறுந்தும் போகும். நான் சொல்ல மறந்த பாதி இது.

மார்ச் 22

இந்த இழை இக்னிஷனிலேயே ஊறிக் கிடக்கிறது. ஆனால் மைனர் வைத்திருப்பவர் ஒருவர் ஒரே ஒரு விஷயம்தான் கற்றுக்கொள்வார் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: முன் சக்கரத்தின் கிரீஸ் நிப்பிள்கள்.

இக்னிஷன் கெட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். முன் சஸ்பென்ஷனில் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கிங்பின்னின் மேலும் கீழும் மரை வெட்டியிருக்கும். அந்த மரைகள் ட்ரனியன் என்ற துண்டுகளுக்குள் திருகி உட்கார்ந்திருக்கின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் எல்லாம் சுழல்கிறது. கீழ் ட்ரனியன் வண்டியின் பாரத்தையும் தாங்குகிறது. கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால், ஒருநாள் கிங்பின் அதிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். சக்கரம் மடிந்து மட்கார்டுக்குள் படுத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக நிறுத்தும்போது நடக்கிறது என்பார்கள். அது அதிர்ஷ்டம். எப்போதும் அப்படி நடக்கும் என்று எழுதிக் கொடுக்க ஆளில்லை.

கிரீஸ் அடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போது அடித்தால், பாரம் அழுத்தும் பக்கத்து மரைக்குள் கிரீஸ் போகாது, எளிதான பக்கம் வழிந்துவிடும். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பிக்கொண்டே அடிக்க வேண்டும். பழைய அழுக்குக் கிரீஸ் வெளியேறிப் புதிய கிரீஸ் தலைகாட்டும்வரை. தேய்மானம் பார்க்க, தூக்கிய நிலையில் சக்கரத்துக்கு அடியில் நெம்புகோல் கொடுத்து மேலே தள்ளுங்கள். இன்னொருவர் ட்ரனியன் மரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மரைக்குள் மேலும் கீழும் ஆட்டம் தெரிந்தால் அந்த வண்டி அங்கிருந்து நகரக் கூடாது. இதில் மட்டும் நான் "மாற்றுங்கள்" கட்சி. விவாதமே இல்லை.

மார்ச் 23

ட்ரனியனுக்கு கிரீஸ் கூடாது, 90 கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி, வண்டிதான் வேறு. அது ட்ரையம்ஃப் ஹெரால்டின் வெண்கல ட்ரனியன். மைனருக்கு கிரீஸ். பெயர் ஒன்று என்பதால் அறிவுரையை வண்டி மாற்றி ஏற்றக் கூடாது. இதை நான் சொல்லக் காரணம், பழைய வண்டிக்காரர்களின் உதவியில் இருக்கும் பெரிய ஆபத்தே இதுதான்: எல்லோரும் தங்கள் வண்டியை மனதில் வைத்துத்தான் உங்களுக்குப் பதில் சொல்கிறார்கள்.

மார்ச் 30

மேலே சொன்னதன் தொடர்ச்சி. உதவி கேட்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை; பெரியவரின் பதில்களைப் பார்த்துத்தான் புரிந்தது. "வண்டி இழுக்கவில்லை, என்ன செய்யலாம்?" என்று எழுதினால் அவர் பதிலே போடமாட்டார். "பாயிண்ட் கேப் 0.38 மி.மீ., பிளக் கேப் 0.63, நான்கு பிளக்கில் மூன்றாவது மட்டும் கறுப்பு" என்று எழுதினால் பத்தி பத்தியாக வரும். முதல் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை, ஊகம்தான் இருக்கும். ஊகத்துக்குப் பஞ்சமில்லை, அதனால்தான் நம் நண்பர் வீட்டில் புது காயிலும் புது பம்ப்பும் வந்து இறங்கின.

கார்ப் டியூனிங்கைக்கூட இப்படித் தூரத்திலிருந்து செய்யலாம். எஸ்.யூ. கார்ப்பில் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக லேசாகத் தூக்கினால் எஞ்சின் பதில் சொல்லும். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே படுத்தால் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. இந்தச் சத்தத்தை போனில் பதிவுசெய்து அனுப்பினேன். "கொஞ்சம் அதிகம், ஜெட் நட்டை ஆறில் ஒரு பங்கு மேலே ஏற்று; அதற்கு முன் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் டாஷ்பாட்டில் ஆயில் இருக்கிறதா பார்" என்று பதில் வந்தது. ஆயில் இல்லை. ஊற்றியதும் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது இருந்த தயக்கமும் போய்விட்டது.

ஸ்பேனர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் நட்டுகள் அங்குல அளவு. 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ.; 13 சைஸ் ஸ்பேனர் "போதும் போதும்" என்று உட்காரும், துருப்பிடித்த நட்டின் முனையை மழித்துவிடும். உதவிக்கு வருபவர் மெட்ரிக் ஸ்பேனர் பெட்டியோடு வந்தால் அன்போடு உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருங்கள்.

ஏப்ரல் 6

எத்தனால் கலந்த பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா, ஈயம் இல்லாத பெட்ரோலில் ஓட்டலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து.

எத்தனால்: ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எனவே அசல் பெட்ரோலுக்கு டியூன் செய்த கார்ப்பில் எத்தனால் கலந்தது போனால் கலவை மெலிந்துவிடும், எஞ்சின் சூடாகும், தயங்கும். எஸ்.யூ. கார்ப்பில் ஜெட் நட்டைச் சிறிது கீழே இறக்கினால் ஈடுகட்டலாம். கவலைப்பட வேண்டியது ரப்பர் குழாய்களைத்தான். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறிப் பிசுபிசுக்கும், வெடிக்கும். அது சூடான எஞ்சினுக்கு மேல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனால் தாங்கும் குழாயாக எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஆம், மறுபடி "மாற்றுங்கள்" என்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

ஈயம்: அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, வால்வும் சீட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்வதைத் தடுத்தது. இன்று உலகில் எங்கும் காருக்கு ஈயப் பெட்ரோல் விற்பனையில் இல்லை. கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல். ஈயம் இல்லாவிட்டால் மென்மையான சீட் தேய்ந்து வால்வு உள்ளே அமிழும். ஆனால் இது தொடர்ந்து வேகமாக, முழு பாரத்தில் ஓட்டும்போதுதான் தீவிரம். நிதானமாக ஓட்டுபவர் இதற்காக மட்டும் ஹெட்டைக் கழற்றி, கெட்டிப்படுத்திய சீட் போட ஓடத் தேவையில்லை. டேப்பெட் கேப், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வருகிறதா என்று நோட்டில் எழுதி வாருங்கள். வால்வு அமிழ்ந்தால் கேப்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஏப்ரல் 12

ஒரிஜினலா இல்லையா சண்டை ஆரம்பமாகிவிட்டது. நான் தவிர்க்க நினைத்தது.

ஃபிவா என்ற பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பு, 30 ஆண்டு கடந்து, வரலாற்றுக்குப் பொருந்தும் நிலையில் பராமரிக்கப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியைத்தான் வரலாற்று வாகனம் என்கிறது. நல்ல வரையறை. அதற்காக இண்டிகேட்டர் விளக்கு வைத்தவரை எல்லாம் துரோகி என்பது அதிகம். மைனரில் 1961 வரை கதவுத் தூணிலிருந்து கை நீட்டும் டிராஃபிகேட்டர்தான். பார்க்க அழகு. பின்னால் வரும் இன்றைய ஓட்டுநருக்கு அது என்னவென்றே தெரியாது. கையையும் வைத்துக்கொண்டு, விளக்கையும் சேர்த்துக்கொண்டேன். வயரிங்கை வெட்டாமல் சேர்த்ததால் எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். அந்த அளவுதான் என் கொள்கை.

"ஒரிஜினல் பம்பர் இல்லாத மைனர் மைனரே அல்ல" என்றவருக்கு ஒரு சங்கதி. 1948-இல் வண்டி வெளிவருவதற்கு முன், கடைசிக் கட்டத்தில், வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக வெட்டி நகர்த்திப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். அதற்குள் பம்பர்கள் தயாராகிவிட்டிருந்தன. எனவே ஆரம்ப கால வண்டிகளில் பம்பரையும் நடுவில் வெட்டி, இடையில் துண்டு வைத்து ஒட்டினார்கள். பானெட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டையும் அந்த 4 அங்குலம்தான். தொழிற்சாலையே டிங்கரிங் செய்து அனுப்பிய வண்டி ஐயா இது.

ஏப்ரல் 20

பிரேக் பெடல் மெல்ல இறங்குகிறது என்றவருக்கு: ஓட்டுவதை நிறுத்துங்கள். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே, சேஸிஸ் உத்தரத்துக்குள் இருக்கிறது. கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கழற்றப் போனால் போல்ட்டுக்குக் குறுக்கே, முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக இருக்கும் டார்ஷன் பார் என்ற கம்பி நிற்கும். அதை இறக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள், அதில் வண்டியின் பாரமே முறுக்கேறி இருக்கிறது.

நிறுத்தியே வைத்திருக்கும் வண்டிக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியதற்கான அளவுகோல் 155. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கொரு முறை வடித்து மாற்றுவது நல்லது. சிலிகான் டாட் 5 போடுவதென்றால் எல்லா ரப்பரையும் புதுப்பித்து, முழுதும் கழுவிய பிறகு. இரண்டையும் கலக்கவே கூடாது.

ஏப்ரல் 27

இழையைத் தொடங்கியவர் திரும்ப வந்திருக்கிறார். வண்டி நிற்காமல் ஓடுகிறது. ஆல்டர்னேட்டர் யோசனையைக் கைவிட்டாராம், எலக்ட்ரானிக் இக்னிஷன் மட்டும் மனதில் இருக்கிறதாம். போடுங்கள், இப்போது போடலாம். பாசிட்டிவ் எர்த் என்று கேட்டு வாங்குங்கள். கழற்றும் பாயிண்ட்டையும் டிராயர்காரரின் கண்டன்சரையும் ஒரு டப்பாவில் போட்டு டிக்கியிலேயே வையுங்கள்.

டேப்பெட் செய்வது எப்படி என்பது அவருடைய புதுக் கேள்வி. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுலபமாகச் சுற்றலாம். முன்னிருந்து பின்னாக வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். எந்த வால்வு முழுதும் திறந்து அழுந்தியிருக்கிறதோ, அந்த எண்ணை 9-இலிருந்து கழியுங்கள். வருகிற எண்ணுள்ள வால்வைச் சரிசெய்யலாம். 8 திறந்திருந்தால் 1. 3 திறந்திருந்தால் 6. கேப் 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்து நகர வேண்டும், இறுகக் கூடாது. லாக் நட்டை முறுக்கும்போது ஸ்குரு கூடவே திரும்பிவிடும், எனவே முறுக்கிய பின் மறுபடி அளங்கள். சரிசெய்வதற்கு முன் இருந்த அளவையும் எட்டு வால்வுக்கும் எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன். மூடும்போது ராக்கர் கவர் நட்டுகளைப் பலம் காட்டி முறுக்காதீர்கள். கார்க் கேஸ்கட் பிதுங்கினால் ஆயில் ஒழுகும்.